சாவி இந்த மாதம் மாரீஸ்வரி வீட்டில்

எங்கள் ஊர் மண்டபத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று யாரும் கிடையாது. சாவி மட்டும்தான் உண்டு.

சுருளிப்பட்டி ரோட்டில் இருந்து திரும்பி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே உள்ளே வந்தால் முதலில் தெரிகிற நீலப் பெயிண்ட் கட்டடம்தான் மண்டபம். தமிழ் மாதம் பிறக்கிற அன்று காலையில் சாவி ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். அந்த மாதம் முழுக்கக் கல்யாணமோ, காதுகுத்தோ, கண் பரிசோதனை முகாமோ, எது வந்தாலும் அந்த வீட்டுக்காரர்தான் பொறுப்பு. கதவைத் திறந்துவிட வேண்டும், மோட்டார் போட வேண்டும், பாத்திரம் எடுத்துக் கொடுக்க வேண்டும், முடிந்ததும் ஒன்று விடாமல் திரும்ப வாங்க வேண்டும். சம்பளம் கிடையாது. வயலுக்குத் தண்ணீர் விட முறை வைத்திருக்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும். சாவி எடுக்கிற வீட்டை முறை வீடு என்போம். முறை வீடு என்றால் ஊரில் ஒரு மதிப்பு.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொரு பெரிய பாத்திரமும் யாரோ ஒருவர் வாங்கிக் கொடுத்தது. கொடுத்தவர் பெயர் அதில் வெட்டியிருக்கும். நாங்கள் அண்டா, சட்டி என்று சொல்வதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். பெரிய அண்டா பஞ்சம்மாள். சாம்பார் வைக்கிற சட்டி முருகம்மாள். வடை அரிக்கிற நீளமான ஜல்லிக்கரண்டி சின்னக்கருப்பு. அவர் மகள் கல்யாணத்தில் நல்ல கரண்டி இல்லாமல் வடையெல்லாம் கருகிப் போய், அந்த ரோசத்தில் வாங்கிக் கொடுத்தாராம்.

சாவி கைமாறும்போது பாத்திரங்களையெல்லாம் முற்றத்தில் கவிழ்த்து வைப்போம். புதிதாகச் சாவி வாங்குகிறவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பழையவர் எடுத்துக் காட்டுவார். ஒன்று குறைந்தாலும் சாவி கைமாறாது. அது கிடைக்கிற வரைக்கும் பழைய வீட்டுக்குத்தான் பொறுப்பு. இதில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது.

நான் கர்ணன். கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்த ஒருவர்தான் சொன்னார், பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர் மண்டபங்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, சம்பளம் வாங்காமல் நன்றாக நடத்துகிற மண்டபத்துக்கு வருசா வருசம் கேடயம் கொடுக்கிறார்கள் என்று. சரி, நம் ஊரையும் சேர்ப்போம் என்று செல்போனிலேயே விண்ணப்பம் போட்டேன். பத்துப் போட்டோ அனுப்பினேன். அதில் இரண்டில் என் கட்டைவிரல் விழுந்திருந்தது. அப்படியும் ஆவணி மாதம் நேரில் பார்க்க வருகிறோம் என்று பதில் வந்துவிட்டது.

ஆடி முடிகிற நேரம். மண்டபத்திலேயே கூட்டம் போட்டோம். விசயத்தைச் சொன்னேன்.

"ஆவணி யாரு முறை?" என்று கேட்டார் சங்கரலிங்கம் மாமா. தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

அவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் யாரைப் பார்த்தாலும் இவன் டிக்கெட் எடுத்தானா என்கிற மாதிரிதான் பார்ப்பார். மண்டபத்தில் ஒரு வாளி ஓட்டை விழுந்தாலும் முதலில் கண்டுபிடிக்கிறவர் அவர்தான். உதவி கேட்டாலும் முதலில் வருவார். வந்து திட்டிக்கொண்டே செய்வார்.

"நான்தான் மாமா," என்று பெண்கள் பக்கத்தில் இருந்து மாரீஸ்வரி சொன்னாள்.

மாரீஸ்வரி வருசநாட்டில் இருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். எனக்குத் தங்கச்சி முறை. அவள் புருசன் முத்துக்குமரன் கூடலூரில் இருந்து குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறார். இரண்டு வருசத்துக்கு முன்னால் அவர்கள் முறை வந்தபோது இவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள். முத்துக்குமரன் சாவியைச் சமையல்காரர்களிடம் கொடுத்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்கள் வடிகஞ்சியும் காய்த்தோலுமாகச் சாக்கடையில் தள்ளி, அது அடைத்து, தண்ணீர் சாப்பாட்டு ஹாலுக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது. மறுநாள் நிச்சயதார்த்தக்காரர்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தி போட்டார்கள். அதில் இருந்து சாவி அந்த வீட்டைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. தாண்ட வைத்தவர் சங்கரலிங்கம் மாமாதான். இந்தச் சித்திரையில்தான் மாரீஸ்வரி கேட்டுக் கேட்டு, ஆவணியை வாங்கியிருந்தாள்.

"தப்பா நினைக்காத ஆத்தா," என்றார் மாமா. "ஆவணிய நான் எடுத்துக்கிறேன். என் புரட்டாசிய நீ வச்சுக்க. மாசத்துக்கு மாசம் சரியாப் போச்சுல்ல?"

"புரட்டாசியில மண்டபத்துல என்ன மாமா நடக்கும்? பல்லி முட்ட போடும். அத நான் பாத்துக்கிறணும். ஆறு கல்யாணத்த நீங்க பாத்துக்கிருவீக."

ஆட்கள் சிரித்தார்கள்.

"ஏலே, சிரிக்காதீக. வெளியாளு வர்றாக. ஊரு பேரு இருக்கு."

"அதே ஊருலதான மாமா நானும் இருக்கேன்?" மாரீஸ்வரி எழுந்து நின்றாள். "ரெண்டு வருசமா சாவி என் வாசலத் தாண்டிப் போகுது. பக்கத்து வீட்டுல இருந்து பேரு கூப்பிடக் கிளம்பிப் போறது எனக்குக் கேக்கும். இந்த ஆவணியும் போச்சுன்னா எங்க வீடு முறை வீடே இல்லன்னு ஆயிரும். அப்பிடின்னா நேராச் சொல்லிருங்க, நான் கிளம்பிர்றேன்."

எனக்கு மாற்றிக்கொண்டால் நல்லது என்றுதான் பட்டது. கேடயம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி தேவயானி என்னை இடித்தாள்.

"ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "சாவிய ஜீப் ஓட்டுறவருக்கா குடுக்குறோம்? இவளுக்குக் குடுக்குறோம். இவ கையில குடுத்து ஒரு தடவையாச்சும் பாத்தீகளா? பாக்காமலே குத்தம் சொன்னா எப்படி?"

மாமா கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "சரி, வச்சுக்க. ஆனா தினமும் நான் வந்து பாப்பேன்."

"டிக்கெட் எடுத்துட்டு வாங்க மாமா," என்றாள் மாரீஸ்வரி.

சொன்ன மாதிரியே தினமும் வந்தார். காலையில் வாக்கிங் போகிற சாக்கில் உள்ளே நுழைந்து, ஒரு சட்டியைத் தூக்கி மோந்து பார்ப்பார், குழாயைத் திருகிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போவார். மாரீஸ்வரி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் முதலில் கை வைத்தது சாக்கடையில்தான். திராட்சைப் பந்தலுக்குப் பறவை வராமல் கட்டுகிற வலை இருக்கிறதே, அதில் கிழிந்தது ஒன்றை இரண்டாக மடித்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் சாக்கடை வாய்க்கு மூடி மாதிரிக் கட்டிவிட்டாள். சோறும் கறிவேப்பிலையும் வலையில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் போகும். ஒவ்வொரு பந்திக்குப் பிறகும் வலையை உதறி, அதில் தங்கியதை மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு கல்யாணத்தன்று குமுளிப் பக்கம் இருந்து சாரல் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஹாலுக்குள் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. மாமா குடையோடு வந்து சாக்கடையைக் குனிந்து பார்த்தார்.

"ம்," என்றார்.

"மாமா 'ம்'னுட்டாக மதினி!" என்று தேவயானிக்குப் போன் போட்டுச் சொன்னாள் மாரீஸ்வரி. அவரிடம் 'ம்' வாங்குவது பொன்னாடை வாங்குகிற மாதிரி.

கூட்டமைப்பு சார்பில் ஹேமாவதி மேடம் தேனியில் இருந்து வந்தார். பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். முந்தின நாள் கல்யாணம். வாழை இலைக் கட்டு, கிழிந்த தோரணம் எல்லாம் அங்கங்கே கிடந்தது. நான் அப்போதுதான் குளித்துவிட்டு ஓடி வந்தேன். முற்றத்தில் பெண் வீட்டுக்காரரான முத்துவீரன் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு இருந்தார். மாரீஸ்வரி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பெயர் கூப்பிட்டுக்கொண்டு இருந்தாள்.

"பஞ்சம்மாள்?"

"இந்தா, மல்லாக்கக் கெடக்காக."

"குப்புறப் போடுங்க, மழ வருது. முருகம்மாள்?"

"அடி பிடிச்சிருச்சு. தேச்சுக்கிட்டு இருக்கோம்."

"நல்லாத் தேய்ங்க. சின்னக்கருப்பு எங்க?"

"அவரு பஞ்சம்மாளுக்குள்ள படுத்திருக்காரு."

ஹேமாவதி மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார். "சார், இவங்க எல்லாம் யாரு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். விளக்கிச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தது சங்கரலிங்கம் மாமா.

மாரீஸ்வரி மேடத்தைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. ஒரு சட்டிக்குள் விரலை விட்டு எடுத்து முத்துவீரனிடம் காட்டினாள். "சித்தப்பா, இது கழுவுனதா, நனைச்சதா?"

"ஏத்தா, பொண்ண அனுப்பிட்டு அழுதுக்கிட்டே கழுவுனது."

"அழுதா எண்ணெ போகாது சித்தப்பா. சாம்பல் போட்டாத்தான் போகும்."

மேடம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். வலையைப் போட்டோ எடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "நிர்வாகி பேரு சொல்லுங்க," என்றார்.

"இந்த மாசம் நான்," என்றாள் மாரீஸ்வரி.

"அடுத்த மாசம்?"

"இந்தா உங்களுக்குத் தண்ணி குடுத்தாகளே, இவுக."

"அதுக்கு அடுத்த மாசம்?"

"கார்மேகம் வீட்டுல. அவுக இப்ப தோட்டத்துல இருக்காக."

"அப்ப நான் யாரு பேரத்தான் எழுதுறது?"

"சாவி யாருகிட்ட இருக்கோ அவுகதான் மேடம் நிர்வாகி," என்றேன் நான். மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்படியே குறித்துக்கொண்டார். கடைசியில் சங்கரலிங்கம் மாமாவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார். இவங்க மாசம் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

மாமா மேற்கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "தினமும் வந்து தேடுறேன். குத்தம் ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது," என்றார். என்னமோ பொருளைத் தொலைத்தவர் மாதிரிதான் சொன்னார். மாரீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்டாவைத் துடைத்தாள். துடைத்த அண்டாவையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

ஆவணி முடிகிற வாரம் மேடம் போன் செய்தார். கேடயம் எங்களுக்குத்தான். கம்பத்தில் விழா. "நீங்க சொன்னதத்தான் அழைப்பிதழ்லயே போட்டிருக்கோம் சார். அன்னைக்குச் சாவி யாரு கையில இருக்கோ அவங்க சாவியோட மேடைக்கு வரணும். கேடயத்த அவங்ககிட்டத்தான் குடுப்போம்," என்றார்.

"ரொம்பச் சந்தோசம் மேடம். என்னைக்கு?"

"புரட்டாசி ஒண்ணாந்தேதி, பத்து மணிக்கு."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. புரட்டாசி ஒன்றாம் தேதி காலையில் சாவி மாமா கைக்குப் போய்விடும்.

ஊருக்கே சங்கடம். டீக்கடையில் இதே பேச்சு. ஒருநாள் தள்ளிச் சாவியை மாற்றினால் என்ன என்று நான்தான் மாரீஸ்வரி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தேவயானியும் வந்தாள்.

"வேணாம்ணே," என்றாள் மாரீஸ்வரி. "முற முறன்னு சண்ட போட்டு வாங்குனவ நான். இப்ப எனக்கு மால விழுகுதுன்னதும் முறையத் தள்ளி வைங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? நாளைக்கு எவனாச்சும் அவன் சவுரியத்துக்குத் தள்ளி வைப்பான். அப்புறம் மறுபடி என் வாசலத் தாண்டும்."

"உனக்கு வருத்தம் இல்லையா?" என்றாள் தேவயானி.

"வருத்தம் இல்லாம இருக்குமா மதினி? அவுகளக் கூட லீவு போடச் சொல்லிட்டேன். ஜீப்பக் கழுவிட்டு வர்றாகளாம்." சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "சரி, அதே ஜீப்புல மாமாவக் கூட்டிட்டுப் போறோம். நான் கீழ உக்காந்து கை தட்டுறேன்."

ஒன்றாம் தேதி காலையில் முற்றம் முழுக்கப் பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. வெயில் பட்டு ஒவ்வொன்றும் கண்ணைக் கூச வைத்தது. மாமா வெள்ளை வேட்டி, புதுச் சட்டையில் வந்திருந்தார். "மாப்பிள்ள வந்துட்டாக டோய்!" என்று யாரோ கத்தினார்கள். வாசலில் முத்துக்குமரன் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு தடவை ஹாரன் அடித்தார். மாரீஸ்வரி பச்சைப் பட்டுச் சேலையில் இருந்தாள். கை தட்டத்தானே போகிறோம் என்று அவள் சாதாச் சேலை கட்டவில்லை.

மாமா பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே பார்த்து, விரலால் தேய்த்து, மோந்து பார்த்து, திரும்பவும் கவிழ்த்து வைத்தார். இத்தனை நிதானமாக அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. ஆட்கள் கொட்டாவி விட்டார்கள், இரண்டு பேர் டீ குடிக்கப் போனார்கள். பஞ்சம்மாளையும் பார்த்து முடித்துக் கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சின்னக்கருப்பு?"

மாரீஸ்வரி திரும்பினாள். அவள் திண்ணை ஓரமாகச் சாத்தி வைத்திருந்த இடத்தில் கரண்டி இல்லை.

"இங்கனதான மாமா வச்சேன்?"

"நான் என்னத்தக் கண்டேன்? கூப்பிட்டா வரணும்ல?"

தேடினோம். அடுப்படியில் பார்த்தோம், மேடைக்கு அடியில் பார்த்தோம், விறகுக் கட்டைத் தள்ளிப் பார்த்தோம். தேவயானி சாக்கடை வலையைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். வெளியே ஹாரன் திரும்பத் திரும்ப அடித்தது.

"மாமா, கரண்டிதான? எங்கிட்டாச்சும் கெடக்கும். சாயங்காலம் வந்து பாத்துக்கிருவோம். சாவிய வாங்கிட்டு வண்டியில ஏறுங்க," என்றேன்.

"எப்படி வாங்குறது கர்ணா? ஒண்ணு குறைஞ்சாலும் கைமாறாது. என்னைக்கு இருந்து உள்ள வழக்கம்? எனக்காக மாத்தவா?"

மாரீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. "மாமா, இந்த ஒரு மாசத்துல ஒரு ஸ்பூன் குறைஞ்சிருக்கா? இன்னைக்குப் போயி எல்லாரு முன்னாலயும்..." கையில் இருந்த சாவியை இறுக்கிப் பிடித்தாள். "என் வீட்ட மறுபடி தாண்ட வைக்கத்தான பாக்குறீக?"

மாமா வேட்டியைச் சரி செய்துகொண்டு பஞ்சம்மாள் மேலேயே உட்கார்ந்து இருந்தார். தேடாமல் பாக்கி இருக்கிறது அந்த அண்டா ஒன்றுதான் என்று நான் அதைத் தூக்கப் போனேன்.

"கொஞ்சம் எந்திரிங்க மாமா."

"முழங்கால் வலி. அங்கிட்டுப் போயித் தேடு."

முந்தின வாரம்தான் தென்னை மரத்தில் பாதி ஏறிக் கம்பி கட்டியவர் அவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நீலச் சுவரைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிரிப்பு வந்துவிடும் போல இருந்ததால் இருமினேன்.

"கரண்டி கிடைக்கிற வரைக்கும் சாவி யாருகிட்டலே இருக்கணும்?" என்று மாமா கூட்டத்தைக் கேட்டார்.

"பழைய வீட்டுல," என்றார்கள் எல்லோரும்.

"பின்ன என்னத்துக்கு அவள நிப்பாட்டி வச்சிருக்கீக? விழாவுக்கு நேரமாகுதுல்ல? சாவிக்காரி போகட்டும். நான் இங்கன உக்காந்து தேடுறேன்."

உட்கார்ந்துகொண்டு எப்படித் தேடுவார் என்று யாரும் கேட்கவில்லை. தேவயானி மாரீஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றிவிட்டாள். நாங்களும் ஏறிக்கொண்டோம்.

மாரீஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கம்பத்தை நெருங்கும்போதுதான், "அண்ணே, மாமாவுக்கு எப்ப இருந்து முழங்கால் வலி?" என்று கேட்டாள்.

"இன்னைக்குக் காலையில இருந்து," என்றேன்.

கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முத்துக்குமரன் கண்ணாடியில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவருக்கு நிம்மதி.

மேடையில் ஹேமாவதி மேடம் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் மாரீஸ்வரி எழுந்து போனாள். ஒரு கையில் கேடயம், ஒரு கையில் சாவி. போட்டோக்காரர், "மேடம், சாவியக் கொஞ்சம் மேல தூக்குங்க," என்றார். நன்றாகத் தூக்கினாள். பின்னால் நின்ற முத்துக்குமரன் அடித்த விசிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது மாமா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். சட்டையெல்லாம் கசங்கி இருந்தது. அவர் மடியில் சின்னக்கருப்பு.

"கெடச்சிருச்சு ஆத்தா. பஞ்சம்மாளுக்கு அடியிலதான் கெடந்திருக்கு."

"அப்பிடியா மாமா? இத்தன வருசம் கண்டக்டரா இருந்தீக. உக்காந்திருந்த சீட்டுக்கு அடியில பாக்கத் தெரியலையா?"

"வயசாச்சுல்ல."

மாரீஸ்வரி கேடயத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது என்றார். பிறகு அவள் சாவியை எடுத்தாள்.

"கைய நீட்டுங்க மாமா."

மாமா கையை நீட்டவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது எப்படி? காலையில பாத்தது காலையில. எல்லாரும் சேந்து இத்தன நேரம் தேடுறேன்னு பாத்திரத்தப் பூராம் உருட்டிப் போட்டீக. முதல்ல இருந்து கூப்பிடுறேன், எடுத்துக் காட்டு."

"மாமா!"

"பஞ்சம்மாள்?"

மாரீஸ்வரி பட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். "இந்தா இருக்காக," என்று அண்டாவைத் தூக்கினாள். மாமா உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"புளி வாசம் அடிக்கிது," என்றார். "கழுவு."

நானும் மோந்து பார்த்தேன். உண்மையிலேயே அடித்தது.